ஒன்பது பிள்ளைகளும் ஒரு பஸ்ஸும்

பெல்ஃபாஸ்ட் என்றால் எனக்கு டைட்டானிக் கப்பலும் வெடிகுண்டுகளும்தான் ஞாபகம் வரும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் ஐரிஷ் மொழியில் உயர்நிலைப்பள்ளி வந்த கதையைப் படித்தபோது, பி.காம். முதல் வருடத்தில் உருப்போட்ட 'தேவையும் அளிப்பும்' பாடம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தேவை எங்கே, காட்டு என்றது அரசாங்கம். பள்ளியே இல்லாமல் தேவையை எப்படிக் காட்டுவது என்றார்கள் பெற்றோர்.

கதையின் தொடக்கம் 1969. மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் ஷாஸ் ரோட்டில் சில இளம் குடும்பங்கள் இடம் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறின. வீட்டிலும் தெருவிலும் ஐரிஷ்தான் பேசுவது என்று முடிவு. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் ஐரிஷைப் பின்னால் கற்றுக்கொண்டவர்கள். 'சொல்லாதே, செய்' என்பதுதான் அவர்களுடைய கொள்கை. அதே வருடம் ஆகஸ்ட் கலவரத்தில் பாம்பே தெரு எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்டும் வேலையிலும் இவர்கள் கை கொடுத்தார்கள். (ஆமாம், பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பாம்பே தெரு இருக்கிறது!)

1971-ல் தங்கள் பிள்ளைகளுக்காக ஓர் ஆரம்பப்பள்ளி ஆரம்பித்தார்கள். மொத்தம் 9 பிள்ளைகள். அரசு நிதி வந்தது 1984-ல். நடுவில் 13 வருடம்! சம்பளம், கட்டடம், புத்தகம் எல்லாம் வசூல் பணத்தில் ஓடின. இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கை எங்கள் வகுப்பில் யாராவது எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

அரசாங்கத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு வருகிற எல்லோருக்கும் பள்ளி கொடுக்க முடியாது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. கலவரக் காலத்தில் ஐரிஷ் பேசுகிறவன் என்றாலே சந்தேகம்.

ஆரம்பப்பள்ளி முடித்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போனார்கள். ஏழு வருடம் வளர்த்த மொழி பதினொரு வயதில் நின்றுவிடும். அதனால் 1991-ல் உயர்நிலைப்பள்ளி தொடங்கினார்கள். அதிலும் 9 பேர்! இடம், ஃபால்ஸ் ரோட்டில் ஒரு பழைய பிரஸ்பிட்டேரியன் தேவாலயம். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு பேர் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். ஒருவர் கத்தோலிக்க கார்டினல். இன்னொருவர் ராபர்ட் மக்காடம், 19-ஆம் நூற்றாண்டில் இரும்பு வார்ப்பாலை நடத்திக்கொண்டே ஐரிஷ் சுவடிகளைச் சேர்த்த பிரஸ்பிட்டேரியன் வியாபாரி. வியாபாரம் படிக்கிறவனுக்கு இதில் ஒரு சின்ன பெருமை :-) ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே சொந்தம் என்பவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையே பதில்.

இந்த முறை அங்கீகாரம் 1996-லேயே கிடைத்தது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தை ஒட்டி, ஐரிஷ் வழிக் கல்வியை ஊக்குவித்து அதற்கு வழிசெய்து கொடுப்பது கல்வித்துறையின் கடமை என்று சட்டமே வந்துவிட்டது. பள்ளியும் கொலாஷ்டே ஃபெர்ஷ்டே என்ற பெயரில் வளர்ந்தது.

அப்புறம்தான் பஸ் பிரச்சினை. சுமார் 35 கி.மீ. தள்ளி இருக்கும் டவுன்பேட்ரிக்கில் ஐரிஷ் வழியில் ஆரம்பப்பள்ளி முடித்த பிள்ளைகள் தினமும் பெல்ஃபாஸ்ட் வரவேண்டும். வசதியான பஸ் இல்லை. ஏற்பாடு செய்யச் சொன்னால் துறை மறுத்தது. பஸ் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்றது பள்ளி. மறுபடி அதே தேவை, அளிப்புச் சண்டை!

2011-ல் நீதிபதி ட்ரேசி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தச் சட்டக் கடமை வெறும் நல்லெண்ண வாசகம் அல்ல, நடைமுறையில் பலன் தரவேண்டும் என்றார். வழக்கமான பள்ளிகளுக்கு இல்லாத ஒரு கடமை ஐரிஷ் பள்ளிகளுக்கு இருப்பதால், எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லித் துறை தப்பிக்க முடியாது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பள்ளிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிள்ளை அங்கே போய்ச் சேர வழி இல்லாமல் விட்டால் அது என்ன அனுமதி?

வடக்கு அயர்லாந்தின் அடுத்த ஐரிஷ் வழி உயர்நிலைப்பள்ளி 2015-ல் டன்கிவன் என்ற சிறிய ஊரில் திறந்தது. அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவு பிள்ளைகளோடுதான்.