வார்த்தையும் சப்தமும்: தேஹு ரோட்டில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

புனேக்கு வடமேற்கே இராணுவக் கிடங்குகளைச் சார்ந்து வளர்ந்த தேஹு ரோட்டில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பள்ளியில் மராத்தி கற்ற இளந்தலைமுறைக்கு, ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கப்படும் தமிழ்ச் சுவிசேஷப் பகுதியை மராத்தியில் விளக்க நேருங்கால் எழும் சிக்கல் ஒன்றை இங்கு நோக்கலாம். இச்சிக்கலுக்கு வேர் அயற்சொற்கள் அல்ல. இரு மொழிக்கும் பொதுவான வடசொற்களே.

துபாசிகளின் துணைகொண்டு போதித்தல் தமிழ்க் கிறித்தவத்தில் பழைய வழக்கம். தமிழறியாத பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறையில் 1542இல் அவ்வாறே மன்றாட்டுகளை மொழிபெயர்ப்பித்தார். நம்பிக்கை அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்பது புகுந்துவிட்டதை அறிந்து, 1544இல் உடன்பணியாளர் மன்சில்யாசுக்கு மடல் எழுதித் திருத்தினார். கேட்டவர் எவரும் அதுவரை தடைசொல்லவில்லை போலும்! பிழை பிழையாகத் தோன்றாமையே பிழையின் வலிமை.

சீகன்பால்கின் தமிழ்ச் சுவிசேஷங்கள் தரங்கம்பாடியில் 1714இல் அச்சேறின. இன்று சீர்திருத்தச் சபைகளில் பெரிதும் வழங்குவது, 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் குழுவினரின் பதிப்பைச் சார்ந்தது. யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வரும் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை அது ‘வார்த்தை’ என்கிறது. 1995இல் வெளியான திருவிவிலியம் ‘வாக்கு’ என்கிறது. மராத்தி வேதாகமமோ ‘சப்த’ என்று பெயர்க்கிறது. தேஹு துக்காராமின் ஊர். சொல்லையே செல்வமாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் போற்றிய அக்கவியின் மண்ணில் ‘சப்த’ என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. அச்சொல்லே தமிழ்ச் செவிக்குச் ‘சப்தம்’, அஃதாவது ஓசை, சிலவேளை இரைச்சல். மறுதலையாக, ‘வார்த்தை’யை ஒலியொப்புமை கருதி ‘வார்த்தா’ ஆக்கினால், மராத்தியர் அதனைச் ‘செய்தி’ என்றே கொள்வர். ஆதியில் இருந்தது ஒரு செய்தி என்றாகிவிடும்.

இவ்விடத்தில் ‘வாக்கு’ பொருத்தமாக அமைகிறது. தமிழில் ‘வாக்குக் கொடுத்தான்’ என்பது போலவே மராத்தியில் ‘சப்த’ கொடுத்தல் உறுதியளித்தலைக் குறிக்கும். தேர்தல் வாக்கை நினைவூட்டுகிறது என்று சிலர் நகைப்பதுண்டு, பொருட்படுத்த வேண்டுவதில்லை.

லூக்கா முதல் அதிகாரத்திலுள்ள மரியாளின் பாடல் இன்னும் கடினமானது. பழைய தமிழ்ப் பதிப்பு முதலடியில் ‘ஆத்துமா’ என்றும் அடுத்த அடியில் ‘ஆவி’ என்றும் இணைநிலையில் வைக்கிறது. மராத்தியில் அவை முறையே ‘ஜீவ’, ‘ஆத்மா’. தமிழ் ‘ஆத்துமா’ மனித உயிரைச் சுட்ட, மராத்தி ‘ஆத்மா’ ஆவியைச் சுட்டுகிறது. பரிசுத்த ஆவியும் அங்குப் ‘பவித்ர ஆத்மா’வே. முதலடியில் ‘ஆத்துமா’வை அப்படியே ‘ஆத்மா’ என்று சொல்லிவிடும் விளக்குநருக்கு, மறுநொடியில் ‘ஆவி’ வரும்போது சொல் இராது. எழுத்துப் பெயர்ப்பாளர் திரும்பிச் சென்று அடித்துத் திருத்தலாம். பீடத்தருகே நின்று அடிக்கு அடி பெயர்ப்பவர் ‘ஆத்மா’வையே மீண்டும் சொல்வார், அல்லது இரண்டாமடியை விழுங்கிவிடுவார்.

ஆகவே வாசகப் பகுதியை முன்னரே பெற்று, மராத்தி வேதாகமத்தோடு ஒப்பிட்டு, ஒலியொத்த வடசொற்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுதல் நலம். ‘கிருபை’, ‘விசுவாசம்’ போன்றவை பெரும்பாலும் இடர் தருவதில்லை. ‘கர்த்தர்’ தரும்: மராத்தியில் ‘கர்த்தா’ செய்பவனையும் இலக்கண எழுவாயையும் குறிப்பது, ஆண்டவரைக் குறிக்க அங்கு வழங்குவது ‘பிரபு’.