யோகாசனப் பயிற்சியின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்தவர் யோகாசனம் பழகலாமா என்னும் வினா நம் சபைகளில் அவ்வப்போது எழுகின்றது. கூடும் என்போரும் கூடாது என்போரும், இன்று கற்பிக்கப்படும் பயிற்சி தொன்றுதொட்டு மாறாமல் வந்துள்ளது என்றே எண்ணுகின்றனர். விடை கூறுமுன் இவ்வெண்ணத்தை ஆராய்தல் நலம்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உள்ளன. ஆசனத்தை நேரடியாக விளக்குபவை அவற்றுள் மூன்றே. அங்கு ஆசனம் என்பது தியானத்திற்காக அசையாது அமரும் நிலையாகும். 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கின்றது. அவற்றுள்ளும் பெரும்பாலானவை அமர்ந்து செய்பவை. ஆயினும், 19ஆம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் ஓவியச் சுவடியில் 122 ஆசனங்கள் காணப்படுகின்றன. எனவே, ஆசனங்களின் பெருக்கத்திற்கு மேனாட்டுத் தொடர்பு மட்டுமே காரணம் என்று கூறுதலும் பொருந்தாது.

எனினும், பொதுமக்களுக்குரிய உடற்பயிற்சியாக ஆசனங்கள் உருப்பெற்றது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயாம். ஸ்வீடனைச் சார்ந்த லிங் என்பாரின் உடற்பயிற்சி முறை அதற்குள் இந்தியாவை எட்டியிருந்தது. ஆவி, மனம், சரீரம் ஆகிய மூன்றையும் முக்கோணச் சின்னத்தால் உணர்த்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில், ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். தேசிய எழுச்சியும் வலிய உடலை வேண்டிற்று. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் ஆசனங்களின் பயனை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். அவுந்த் அரசர் பவான்ராவ் சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பினார். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் மைசூரில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், ஆசனங்களை மூச்சுடன் இணைத்துத் தொடராகக் கற்பித்தார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகியோர் அதனைத் தத்தம் வழியில் உலகெங்கும் கொண்டு சென்றனர்.

மேனாட்டு உடற்பயிற்சியின் செல்வாக்கை மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அதன் அளவுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிருஷ்ணமாச்சாரியாரோ ஆழ்ந்த வைணவ பக்தர். அவருக்கு ஆசனம் வெறும் தேகப்பயிற்சியன்று.

ஆகவே, "இது முற்றிலும் சமயம்" என்பதும் "இது வெறும் உடற்பயிற்சி" என்பதும் வரலாற்றிற்கு ஒவ்வாதவை. ஒரே பெயரின்கீழ் பல நோக்கங்கள் இணைந்துள்ளன. நம்மிடம் ஆலோசனை கேட்டு வருவோரிடம், யோகாசனம் என்னும் பெயரை மட்டும் கொண்டு தீர்ப்புரைத்தல் தகாது. அவர்கள் பயிலுமிடத்தில் கற்பிக்கப்படுவது யாது, எந்நோக்குடன் கற்பிக்கப்படுகின்றது என்று முதலில் வினவுதலே போதகரின் கடமையாகும்.