மறுத்த பணமும் மறைக்காத நூலும்: ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் பாத்திரத் தேர்வுகளின் நம்பகத்தன்மை

குற்றத் தொடர்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை, “இப்படி யாராவது செய்வார்களா?” என்பது. இதில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. மனிதர்கள் பொதுவாக அப்படிச் செய்வார்களா என்பது ஒன்று. இந்த மனிதர் இந்த நிலையில் செய்வாரா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் விடை வரும் இடங்களிலேயே ஒரு பாத்திரம் மிக உறுதியாக நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வின்ஸ் கில்லிகன் உருவாக்கி, 2008 முதல் 2013 வரை ஏ.எம்.சி. அலைவரிசையில் 62 அத்தியாயங்களாக ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடர் இதற்குச் சான்று.

இந்த வேறுபாடு பழையது. நடக்கக்கூடியதாயினும் நம்ப முடியாததைவிட, நடவாததாயினும் நம்பத்தக்கதையே கவிஞன் தேர வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். முரண்பட்ட இயல்புடையவரைப் படைத்தால் அந்த முரணிலும் ஒரு சீர்மை இருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. தொல்காப்பியம் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கு, உலகியல் வழக்கு ஆகிய இரண்டின் மீதும் நிறுவுகிறது. அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தைத் தொலைக்காட்சித் தொடருக்கு அப்படியே பொருத்துவது மிகையாகும். ஆயினும் உலகியல் ஒன்றே படைப்பின் அளவுகோல் அன்று என்ற அதன் தெளிவு இங்கும் உதவும்.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கி நகரில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் வால்டர் ஒயிட், ஐம்பது வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகிறார். பள்ளிச் சம்பளம் போதாமல் கார் கழுவும் நிலையத்திலும் வேலை பார்ப்பவர். குடும்பத்துக்குப் பணம் சேர்க்க மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறார். முதற்பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தக் காரணமே இல்லாமற்போகும் வாய்ப்பு வருகிறது. அவரோடு ‘கிரே மேட்டர்’ நிறுவனத்தைத் தொடங்கிப் பெருஞ்செல்வரான எலியட், முதலில் வேலை தர முன்வருகிறார். பின்பு சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்கிறார். வால்டர் மறுக்கிறார்.

உலகியல் அளவில் இது பொருந்தாத தேர்வு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு அஞ்சும் தகப்பன் நேர்வழியில் வரும் உதவியைத் தள்ளிவிட்டுச் சிறைக்கு வழிதேடமாட்டான். ஆனால் வால்டர் அந்நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை 5,000 டாலருக்கு விற்று விலகியவர். தமக்கு உரியதென்று நினைப்பதை அவர்கள் கையிலிருந்து உதவியாகப் பெறுவது அவருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். பணத்தை மறுத்தவரே, எலியட் தம்பதியர்தாம் செலவை ஏற்கிறார்கள் என்று மனைவி ஸ்கைலரை நம்பவைப்பது இதை உறுதிசெய்கிறது. மானத்துக்காக மறுத்ததை வசதிக்காகப் பொய்யில் பயன்படுத்திக்கொள்கிறார். அரிஸ்டாட்டில் கேட்ட சீரான முரண் இதுவே. வேறு வழியில்லாதவன் செய்வது அவன் நிலையையே காட்டும். வழியிருந்தும் மறுத்துச் செய்வதுதான் அவனைக் காட்டும்.

இரண்டாம் பருவத்தில் வால்டரின் தொழிற்கூட்டாளியின் காதலி ஜேன் இறக்கும் காட்சி இதே அளவுகோலுக்கு வேறொரு சோதனை. ஹெராயின் மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறும் பெண்ணைக் காப்பாற்ற ஓரடி வைத்த வால்டர், நின்றுவிடுகிறார். வால்டரே அவளுக்குக் கூடுதலாகப் போதைமருந்து ஏற்றுவதாகத்தான் முதலில் யோசித்ததாகவும், உடன் பணியாற்றியவர்கள் தடுத்ததாகவும் கில்லிகன் பேட்டிகளில் கூறியுள்ளார். அந்தத் திருத்தம் கதையைக் காப்பாற்றியது. ஊசியைக் கையில் எடுக்கும் மனிதராக வால்டர் அப்போது வளர்ந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதராக வளர்ந்திருந்தார். நம்பகம் என்பது செயலின் கொடுமையைப் பொறுத்ததன்று. அதுவரை பாத்திரம் கடந்து வந்த தொலைவைப் பொறுத்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மெத் ஆய்வகத்தில் உடன் பணியாற்றிய கேல் கையெழுத்திட்டுத் தந்த வால்ட் விட்மன் கவிதைநூலை, இவ்வளவு எச்சரிக்கையான குற்றவாளி கழிவறையிலேயே வைத்திருப்பாரா? போதைத் தடுப்பு அதிகாரியான சகலை ஹாங்க் அதைக் கண்டெடுப்பது கதாசிரியர்களின் வசதி அல்லவா? ஹாங்க் அந்நேரத்தில் அங்கே அமர்வது தற்செயல்தான். நூல் அங்கே இருந்தது தற்செயலன்று. நான்காம் பருவத்தில், இறந்துபோன கேல்தான் தாம் தேடிய மேதை என்று ஹாங்க் நம்பியிருந்தபோது, மது மயக்கத்தில் அதை மறுத்து, ஹாங்கின் தேடலை மீண்டும் தூண்டிவிட்டவர் வால்டர். தம்மைப் புகழ்ந்த கையெழுத்தை அத்தகையவர் எரிப்பார் என்று எதிர்பார்ப்பதே அவரை அறியாமை.

தொடரின் எல்லாக் கண்ணிகளும் இவ்வளவு உறுதியானவை அல்ல. நான்காம் பருவத்தில் சிறுவன் பிராக்குக்கு நஞ்சூட்ட வால்டர் துணிந்ததை நம்ப முடிகிறது. அதை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதைத் தொடர் காட்டுவதில்லை. இது நிகழ்வின் நம்பகத்தில் விழுந்த இடைவெளி, தேர்வின் நம்பகத்தில் அன்று. விமரிசனம் இவ்விரண்டையும் பிரித்தே மதிப்பிட வேண்டும். முந்தையது திரைக்கதையின் இணைப்பு வேலை; அங்கே நேரும் குறையைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பிந்தையது பாத்திரத்தின் உயிர்நிலை. இறுதி அத்தியாயத்தில் எல்லாம் தமக்காகவே செய்ததாக வால்டர் ஸ்கைலரிடம் ஒப்புக்கொள்வது திடீர்த் திருப்பமாகத் தோன்றாததற்குக் காரணம், அதற்கான சான்றை ஐந்தாம் அத்தியாயத்திலேயே தொடர் நம் முன் வைத்துவிட்டதுதான்.