தேவனாம்பட்டினத்துச் சகாயம்

கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்திலிருந்து கொள்ளிடம் கடலோடு கலக்கும் தேவிக்கோட்டை வரையிலுள்ள கரையோரம், நடந்தே இரண்டு நாளில் கடந்துவிடக்கூடிய சிறிய நிலப்பகுதிதான்; ஆயினும், பதவியை நாடியவர்கள் அந்நியரிடம் சகாயம் கேட்டால் என்ன நேரும், அந்தச் சகாயத்துக்கு இறுதியில் விலை கொடுப்பவர் யார் என்ற இரண்டு வினாக்களுக்கும் அந்தக் கரையின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சரித்திரம் சொல்லும் விடை மிகவும் தெளிவானது. அக்காலத்தில் வாக்குச்சாவடி இல்லை. அபேட்சகர்கள் சட்டசபைக்கு நிற்கவில்லை, சிம்மாசனத்துக்கு நின்றார்கள். மற்றபடி, இன்று தேர்தல் சட்டங்கள் அஞ்சுகிற தீமைகளில் அன்று நிகழாதது ஒன்றுமில்லை.

சகாயம் செய்தவர்கள் அங்கே வந்து சேர்ந்த விதமே ஒருவருடைய பணமுடையினால் விளைந்தது. 1690-ஆம் ஆண்டில், மொகலாயப் படை செஞ்சியை நெருங்கிய காலத்தில், யுத்தச் செலவுக்குத் திரவியமின்றித் தவித்த ராஜாராம் என்ற மராத்திய அரசர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு சென்று விழும் தூரம் வரையில் உள்ள நிலமும் வாங்கியவர்களுக்கே உரியது என்பது கிரயத்தின் நிபந்தனை. அவ்விதமாக அவர்கள் வசமான ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. அக்கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டுக்கொண்டு, துணிவியாபாரம் செய்துவந்த கும்பினியார், அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் உள்நாட்டு அரசர்களின் வழக்குகளில் பெரும்பாலும் தலையிடாமல் இருந்தனர்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, கோரமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு மாறியது. 1752 வரையில் அங்கேயே இருந்தது. ஐரோப்பாவில் 1748-இல் சமாதானம் ஏற்பட்டுச் சென்னையும் திருப்பித் தரப்படுவதென்று முடிவானபின், போருக்கென்று சீமையிலிருந்து தருவித்த சேனை வேலையின்றிக் கடலூரில் தங்கிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில்தான், தஞ்சாவூர்ச் சிம்மாசனத்தை இழந்திருந்த சாகுஜி என்பவர், 1739 முதல் ஆண்டுவந்த பிரதாபசிங்கரை அகற்றித் தம்மை அமர்த்தினால் தேவிக்கோட்டையையும் யுத்தச் செலவையும் தருவதாகக் கும்பினியாரிடம் விண்ணப்பித்துக்கொண்டார். தேசத்து ஜனங்கள் தம் பக்கமே இருப்பதாகவும், ஆங்கிலக் கொடியைக் கண்டவுடன் திரண்டு வருவார்கள் என்றும் அவர் உறுதி கூறினார்.

1749-ஆம் ஆண்டின் வசந்தத்தில் காப்டன் கோப் என்பவரின் தலைமையில் ஒரு படை கடலூரிலிருந்து தெற்கே புறப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் அடித்த பெரும்புயலில், கடலூர்க் கடலில் நங்கூரமிட்டிருந்த நாமூர், பெம்புரோக் முதலிய போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளுடன் அழிந்தன. தரைப்படையின் கூடாரங்களும் தளவாடங்களும் சின்னாபின்னமாயின. கொள்ளிடத்தைக் கடந்து சென்ற கோப் கண்டதோ, புயலினும் பெரிய ஏமாற்றம்: சாகுஜிக்காக ஒருவரும் திரண்டு வரவில்லை. தம் நாட்டில் ஆதரவற்றவர்தாம் பிறநாட்டாரின் வாயிலில் போய் நிற்கிறார் என்பதை அன்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தும், வெறுங்கையுடன் திரும்புவது கௌரவக் குறைவென்று கருதி, மேஜர் லாரன்ஸின் தலைமையில் இரண்டாம் படையைக் கடல்வழியே அனுப்பினார்கள். கோட்டைச் சுவரில் பிளவு உண்டாக்கியபின், 34 வெள்ளையரோடும் 700 சிப்பாய்களோடும் முதலில் பாய்ந்தவர், சென்னை வீழ்ந்தபோது அங்கிருந்து தப்பிக் கடலூருக்கு ஓடிவந்திருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளைஞர். வெள்ளையருள் 26 பேர் தஞ்சைக் குதிரைப்படையின் வாளுக்கு இரையானார்கள், கிளைவ் மயிரிழையில் பிழைத்தார், கோட்டை வீழ்ந்தது.

வெற்றிக்குப் பின் நடந்ததே இக்கதையின் சாரம். பிரதாபசிங்கர் சமாதானம் பேச முன்வந்து, தேவிக்கோட்டையையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலத்தையும், யுத்தச் செலவையும் கொடுக்க இசைந்தார். கோரியது கிடைத்துவிட்டபின் சாகுஜி எதற்கு? அவருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் மானியம் என்றும், அவர் மீண்டும் தஞ்சைக்குத் தொல்லை தராதவாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கும்பினியாருடையது என்றும் உடன்படிக்கை ஏற்பட்டது. அரசராக்குவதற்கென்று அழைத்துச் சென்றவர்களே அவருக்குக் காவற்காரர்களாயினர்.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின், ஆற்காட்டு நவாபு பதவிக்கு எழுந்த போட்டியில் இதே நாடகம் பெரிய மேடையில் அரங்கேறியது. சந்தா சாகிபு புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் சகாயத்தைப் பெற்றார்; 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாபு அன்வாருத்தீனை வென்று, நன்றிக்கு அடையாளமாகப் புதுச்சேரியைச் சூழ்ந்த கிராமங்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரருக்கு ஈந்தார். மாண்ட நவாபின் மகன் முகம்மது அலி கடலூர் ஆங்கிலேயரைத் துணையாகக் கொண்டார். 1752-இல் சந்தா சாகிபு சிரச்சேதம் செய்யப்பட, முகம்மது அலி வென்றார். தோற்றவரின் கதி ஒரே நாளில் முடிந்தது. வென்றவரின் கதியோ, 1795-இல் அவர் சேப்பாக்கத்து நவாபாக இறக்கும் வரையில், நாற்பது ஆண்டுக்கு மேல் நீண்டது.

எவ்வாறெனில், சகாயம் செய்த சேனையின் செலவு முழுவதும் நவாபின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அதைச் செலுத்த அவர் கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிக்கடன் வாங்கினார். அதற்கு ஆரம்பத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேலும் வட்டி இருந்தது. வட்டியைத் தீர்க்க மறு கடன். கடனுக்கு ஈடாகச் சீமைகளின் கிஸ்தி. கும்பினியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலைபார்த்த பால் பென்பீல்டு, தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சலின்மீதே பெருந்தொகை பாத்தியதை கொண்டாடும் அளவுக்கு உயர்ந்தார். நவாபு 1773-இல் கைப்பற்றிய தஞ்சாவூரை அதன் அரசருக்கே திருப்பிக்கொடுத்த சென்னைக் கவர்னர் பிகாட் பிரபுவை, 1776 ஆகஸ்டில் அவருடைய ஆலோசனை சபையாரே சிறைப்பிடித்தார்கள். அவர் காவலிலேயே உயிர்நீத்தார். கடன்காரரின் கை அதிகாரியின் கழுத்துவரை எட்டிவிட்டது.

அந்தக் கை சமுத்திரத்தையும் தாண்டியது. சொற்ப வாக்காளர்களையுடைய தொகுதிகள் பணத்துக்குக் கிடைத்துவந்த இங்கிலாந்தில், இங்கே சம்பாதித்த பொருள் அங்கே பார்லிமெண்டு ஸ்தானங்களாக மாறலாயிற்று. தேவிக்கோட்டையில் பிழைத்த கிளைவே, தென்னாட்டு யுத்தத்தில் ஈட்டிய பொருளோடு 1754-இல் அபேட்சகராக நின்று ஜயித்து, மறுவருஷம் அந்தத் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகிவிடவே, கடலூர்க் கோட்டைக்குக் கவர்னராகத் திரும்பி வந்தார். 1780-இல் பென்பீல்டு தாமே அங்கத்தினரானார். ஓசியன் கவிதைகளால் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்ற ஜேம்ஸ் மாக்பர்ஸன், நவாபின் லண்டன் காரியஸ்தராக இருந்துகொண்டே பார்லிமெண்டில் வீற்றிருந்தார். 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி அங்கத்தினருள் ஒருவரான எட்மண்டு பர்க், அச்சபையில் ஆற்றிய புகழ்பெற்ற பிரசங்கத்தில், பென்பீல்டு தம்மையும் சேர்த்து எட்டு அங்கத்தினர்களை உண்டாக்கினார் என்றும், கடன்களைச் சரிவர விசாரிக்காமலே கர்நாடகம் எனப்பட்ட நவாபுச் சீமையின் வருமானத்திலிருந்து தீர்க்கும்படி மந்திரிசபை உத்தரவிட்டது அந்தத் தேர்தல் உபகாரத்துக்குக் கைம்மாறே என்றும் குற்றஞ்சாட்டினார். சபை அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானத்தைப் பெருவாரியான வாக்குகளால் தள்ளிவிட்டது.

இங்கே சிம்மாசனத்துக்கு நின்றவர் ஆங்கிலேயரின் சகாயத்தைப் பெற்றார். அங்கே சபைக்கு நின்றவர்கள் இந்தத் தேசத்தின் பணத்தைப் பெற்றார்கள். இரு திசையிலும் நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலில், கொடுத்தவரும் வாங்கியவரும் லாபமோ நஷ்டமோ அடைந்தபோதிலும், எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. வெள்ளாற்றுப் பாசனத்திலும் கொள்ளிடக் கரையிலும் உழுத குடியானவரே அவர். நவாபின் கிஸ்தியும் கடன்காரரின் கிஸ்தியும் அவருடைய களத்துமேட்டிலேயே அளக்கப்பட்டன. ஏரிகளைப் பழுதுபார்க்க ஆளில்லாமற்போனதைப் பர்க் தம் பிரசங்கத்தில் விரித்துரைத்தார். 1780-இல் மைசூர் ஹைதர் அலியின் படை இறங்கியபோது, இருந்த விளைச்சலும் எரிந்தது. மறுவருஷம் ஜூன் மாதத்தில், சிதம்பரத்துக் கோயில் மதில்களுக்குள் ஹைதரின் வீரர்கள் பாளயமிறங்கியிருக்க, அதைப் பிடிக்க முயன்ற ஆங்கிலச் சேனாபதி ஸர் அயர் கூட் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் வென்றார். வழிபாட்டுக்கு எழுந்த பிராகாரங்கள் யாரோ பெற்ற சகாயத்தின் தொடர்ச்சியான யுத்தத்தில் கொத்தளங்களாயின. 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினி ஆட்சிக்கு உட்பட்டது; பின்னர் நியமிக்கப்பட்ட கமிஷனர்கள் கடன் பத்திரங்களைப் பல்லாண்டுகள் பரிசீலித்து, அவற்றில் மிகச்சிறிய பங்கே நியாயமானதென்று கண்டார்கள். குடியானவர் செலுத்தியதைத் திருப்பிக்கொடுக்க எந்தக் கமிஷனும் அமையவில்லை.

சுதந்திர இந்தியா இப்பாடத்தை அறியாததன்று. தேர்தல் அபேட்சகர்களும் அரசியற் கட்சிகளும் அந்நியப் பணம் வாங்கலாகாதென்று 1976-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2014-இல் டில்லி உயர்நீதிமன்றம், நாட்டின் இரு பெருங்கட்சிகளும் அதை மீறி நன்கொடை பெற்றதாகத் தீர்ப்புக் கூறியது. அதற்குப்பின், அந்நிய மூலதனமுள்ள கம்பெனிகளின் நன்கொடைகளில் எது அந்நியமானது என்ற இலக்கணத்தையே பார்லிமெண்டு திருத்தியது. 2016-இல் செய்த அத்திருத்தம் 2018-இல் மேலும் பின்னோக்கி, 1976 ஆகஸ்டு 5 முதலே அமலில் இருந்ததாகக் கொள்ளும்படி விரிவாக்கப்பட்டது. வாங்கியவர்களே வாங்கியதை நியாயமாக்கிக்கொள்ளும் அதிகாரம் பெற்றிருப்பது பர்க்கின் காலத்திலும் இருந்த வினோதமே. ஆகையால், அபேட்சகருக்குச் சகாயம் செய்தவர் எந்தத் தேசத்தவர் என்று கேட்பதோடு வாக்காளர் நின்றுவிடலாகாது. அந்தச் சகாயம் யாருடைய நிலத்தின்மேல், யாருடைய வரியின்மேல் பற்று எழுதப்படப்போகிறது என்பதையும், பத்திரம் முடிவதற்கு முன்னரே, கேட்டறிந்துகொள்வது அவருடைய உரிமையும் கடமையுமாகும்.