பொன்விழாவும் பொன்வயலும்

சங்கம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. புலவர் கூடிய இடமும் சங்கம். துறவியர் கூடிய இடமும் சங்கம். தொழிலாளர் தம் உரிமைக்காகக் கூடும் இடமும் சங்கமே. ஒரே தொழிற்கல்வியைக் கற்றவர்கள், தாம் அறிந்ததைப் பிறர்க்கு உரைக்கவும் பிறர் அறிந்ததைத் தாம் கேட்கவும் கூடுகின்ற கூட்டத்துக்கும் அப்பெயர் நன்கு பொருந்துகிறது. இத்தகைய சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. இருபத்தைந்தாம் ஆண்டில் வெள்ளிவிழா, ஐம்பதாம் ஆண்டில் பொன்விழா, எழுபத்தைந்தாம் ஆண்டில் பவளவிழா. விளக்கேற்றி, வாழ்த்துரை வழங்கி, மூத்தவர்க்குப் பொன்னாடை போர்த்தி, மலர் ஒன்றும் வெளியிட்டுக் கலைவது வழக்கம்.

இந்திய இரசாயனப் பொறியியலார் கழகம் 1947-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றியது. அதனை முன்னின்று அமைத்தவர் ஜாதவ்பூரில் பேராசிரியராக விளங்கிய ஹீராலால் ராய். கழகத்தின் பொன்விழா ஆண்டு 1997. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள், நம் நாட்டின் புகழ்பெற்ற பொன்வயலாகிய கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், இரசாயனப் பொறியியலார் தம் விழாநாளில் எவற்றை எண்ணிக் கணக்கிடுதல் வேண்டும் என்பது விளங்கும்.

முதற்கண் இத்துறை பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், உப்பிலிருந்து சலவைச் சோடா செய்யும் ஆலைகள் பெருகின. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அச்சோடா இன்றியமையாதது. ஆனால் அவ்வாலைகளின் புகைபோக்கிகளிலிருந்து எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயு அக்கம்பக்கத்து மரங்களைக் கருக்கிற்று, பயிரைப் பாழாக்கிற்று. ஆலைக்கழிவோ குன்று குன்றாகக் குவிந்து நாறிற்று. நிலமுடையோர் முறையிட்டதன் பயனாக 1863-இல் ஆல்கலிச் சட்டம் பிறந்தது. அமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை ஆலையே பிடித்து அடக்க வேண்டும் என்று அது விதித்தது.

அச்சட்டத்தின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் ஆய்வாளராகப் பணியாற்றியவர் ஜார்ஜ் டேவிஸ் என்பார். ஆலை ஆலையாக ஏறி இறங்கிய அவர் ஓர் உண்மையைக் கண்டார். செய்யப்படும் பொருள்கள் பலவாயினும், செய்கைகள் சிலவே. அரைத்தல், கரைத்தல், வடித்தல், காய்ச்சுதல், உலர்த்துதல் ஆகிய இவையே எல்லா ஆலைகளிலும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. இவற்றைத் தனிக்கல்வியாக்கலாம் என்று கருதிய டேவிஸ், 1880-இல் இத்துறைக்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. எனினும் அவர் தளரவில்லை. 1880-களின் இறுதியில் மான்செஸ்டர் நகரில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1901-இல் அவற்றின் வழியே பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் 1908-லும், இங்கிலாந்தில் 1922-லும் இரசாயனப் பொறியியலார் சங்கங்கள் நிலைபெற்றன. தமிழகத்திலோ, வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் சென்னையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி இக்கல்விக்கு இல்லமாயிற்று. ஆகவே, ஆலைக்கு வெளியே வாழும் அயலாரைக் காக்கும் கடமையிலிருந்தே இத்துறையின் முதல் ஆசான் தம் கல்வியைப் பெற்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

இனிக் கோலார் தங்கவயலுக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. தொடக்க காலத்தில் பொன் எடுத்த முறை எளிமையானது. தாதுப்பாறையை இரும்பு உலக்கைகளால் மாவாக இடிப்பர். அம்மாவை நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவர். பொன்துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனை வழித்தெடுத்துச் சூடேற்றினால், பாதரசம் ஆவியாகிப் பிரிய, பொன் எஞ்சும். ஆயினும் மிக நுண்ணிய துகள்களும், பிற தாதுக்களுக்குள் பொதிந்த துகள்களும் பாதரசத்துக்கு அகப்படாமல் கழிவோடு போய்விடும். டன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேலும் பொன் கிடைத்த அந்நாளில் அவ்விழப்பு பெரிதாகத் தோன்றவில்லை. ஆழம் செல்லச் செல்ல, விட்டதைப் பிடிக்கும் வழியைத் தேட வேண்டியதாயிற்று.

அவ்வழி ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. டேவிஸ் மான்செஸ்டரில் சொற்பொழிவாற்றிய அதே காலத்தில், 1887-இல், ஜான் ஸ்டூவர்ட் மாக் ஆர்தர் என்ற இரசாயன அறிஞரும், பாரஸ்ட் என்னும் மருத்துவச் சகோதரர் இருவரும் சயனைடு முறைக்குக் காப்புரிமை கோரினர். சயனைடு உப்பு சிறிதளவு கரைந்த நீரில், காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு, பொன் கரைந்துவிடும் என்பதே அதன் அடிப்படை. பெரிய தொட்டிகளில் மணலை நிரப்பி அந்நீரைப் பாய்ச்சுவர். சுண்ணாம்பையும் உடன் சேர்ப்பர். சேர்க்காவிடின் கரைசல் புளிப்பேறி, உயிர்க்கொல்லியாகிய நச்சு வாயு எழக்கூடும். பொன் கரைந்த நீரை வடித்துத் துத்தநாகச் சீவல்களின் ஊடே செலுத்தினால், துத்தநாகம் கரைய, பொன் கருநிறச் சேறாகப் படியும். அச்சேற்றை உருக்கிப் பாளமாக வார்ப்பர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தங்கவயலிலும் இம்முறை வழக்கிற்கு வந்தது.

அரைத்தல், கரைத்தல், வடித்தல், உருக்குதல் என, டேவிஸ் வகுத்த பாடத்தின் செய்கைகள் இங்கே ஒருங்கே நிகழ்ந்தமை காண்க. இரசாயனப் பொறியியல் என்ற பெயர் நம் நாட்டில் பலர் செவிக்கு எட்டும் முன்பே, அத்தொழில் தங்கவயலில் நாள்தோறும் நடைபெற்றது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்னாற்றல், தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி வழியே வந்து இவ்வாலைகளை இயக்கியது.

அறிவு பெருகும் இடத்தில் சங்கமும் தோன்றுமன்றோ! கோலார் தங்கவயல் சுரங்க உலோகவியல் சங்கம் என்ற ஒன்று இருபதாம் நூற்றாண்டில் இவ்வயலிலேயே இயங்கியது. தன் பெயரால் அறிவிதழும் வெளியிட்டது. இரண்டு மைல் ஆழத்தை எட்டிய சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறுவது ஏன், அதனைத் தடுப்பது எவ்வாறு என்பன போன்ற கேள்விகளுக்குப் பிற நாட்டு நூல்களில் ஆயத்தமான விடை இல்லை. வயலில் கண்டதை வயலிலேயே ஆராய்ந்து எழுதிவைப்பதே வழியாயிற்று. சிற்றூர்ச் சங்கம் ஒன்றின் சிறப்பு இதுவே. தலைநகரத்துக் கழகம் பொதுவிதியைக் கூறும். உள்ளூர்ச் சங்கமோ அம்மண்ணுக்குரிய உண்மையைக் கூறும்.

எனினும் அறிவிதழ் எழுதியோர் சிலர். பாறை உடைத்தோர் பல்லாயிரவர். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த வந்து, வரிசைக் குடிசைகளில் குடியேறிய தமிழரே அவருள் மிகப் பலர். அவர்களும் சங்கம் கண்டவர்களே. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அம்மக்களின் நுரையீரலில் பாறைத்தூசி படிந்தது. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, பத்தில் நால்வருக்கு மேல் அத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் காணப்பட்டது. எந்தப் பொன்விழா மலரிலும் முதற்பக்கத்தில் இடம்பெறத் தக்க கணக்கு இது.

சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசு ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடி டன் பாறையை உடைத்து, 800 டன் பொன் எடுத்தனர். பின்னாளில் டன்னுக்குச் சில கிராமே கிடைத்தது. செலவு வரவை விஞ்சியது. முடிவில் கதவு அடைபட்டது.

பொன் போயிற்று, மணல் நின்றது. சயனைடு நீரில் ஊறி வடிந்த கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல், பதின்மூன்று மேடுகளாக ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. மரம் எளிதில் வேர்கொள்ளாத மண் அது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும் இயல்பினது; ஆனால் மாவினும் நுண்ணிய தூசி சிதைவதில்லை. காற்றுக் காலத்தில் அது எழுந்து கூரையிலும் குடிநீரிலும் படிகிறது. சோடா ஆலைகளின் கழிவுக்குன்றுகளும் தங்கவயலின் மேடுகளும் ஒரே கேள்வியையே எழுப்புகின்றன. பயனை எடுத்துக்கொண்ட பின், எஞ்சியது யாருடைய பொறுப்பு?

இக்கேள்வி பழங்கதையன்று. அம்மேடுகளில் டன் ஒன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகப் பொன் இன்னும் உண்டு. அதனை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது. ஆயிரம் ஏக்கரில் பரந்துள்ள மேடுகளை மீண்டும் அள்ளி, மீண்டும் கரைத்து, மீண்டும் எங்கேனும் கொட்ட வேண்டும். அது முழுக்க முழுக்க இரசாயனப் பொறியியலாரின் வேலை. அள்ளும்போது எழும் தூசியை எவ்வாறு அடக்குவது? வடிந்த நீரை எங்கே தேக்குவது? அதன் நஞ்சை முறிப்பது எவ்வாறு? கடைசி மணலை மூடிப் புல் வளர்க்கும் செலவு முதற்கணக்கிலேயே சேர்ந்துள்ளதா? சுரங்கம் மூடியபின் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு இரயிலேறி வேலைக்குச் செல்லும் தங்கவயல் மக்களுக்கு அத்தொழிலில் இடமுண்டா? கடைசிக் கேள்விக்கு அரசு விடை கூற வேண்டும். முதல் நான்குக்கும் விடை கூற வல்லவர்கள் பொறியியலாரே.

அவர்கள் தனித்தனியே கூறினால் அக்குரல் எளிதில் அமுங்கும். வேலை தருபவரை எதிர்த்து ஒருவர் மட்டும் உண்மை பேசுதல் அரிது. சங்கம் பேசினால் அதனை ஒதுக்குதல் எளிதன்று. தொழிற்சங்கத்துக்கும் அறிவுச் சங்கத்துக்கும் பொதுவான வலிமை இதுவே.

இந்திய இரசாயனப் பொறியியலார் கழகம் 2022-இல் எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தது. அதன் நூற்றாண்டு 2047-இல் வரும். வட்டாரக் கிளைகள் அதற்கிடையே பல விழாக்கள் எடுக்கும், எடுக்கட்டும். உழைத்தவரைப் போற்றுதல் நற்பண்பே. ஆயினும் அவ்விழா மலர்களில், எத்தனை ஆலைகள் கட்டினோம் என்னும் கணக்கோடு, எத்தனை மேடுகளைத் தீங்கின்றி மூடினோம் என்னும் கணக்கும் இடம்பெறுவதாக. கோலார் தங்கவயலின் பதின்மூன்று மேடுகளையும் அக்கணக்கின் முதல் வரிசையில் எழுதத் தொடங்கலாம்.