நீதிமுறையும் நிதானமும்: ஒரு சட்ட வாக்கியத்துக்கு உரை

ஜுடிசியலி, ஜுடிசியஸ்லி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் மனுக்களில் அடிக்கடி இடம் மாறி விழுகின்றன. நம் நீதிமன்றத் தீர்ப்புகளோ விருப்புரிமை பற்றிப் பேசும்போது இரண்டையும் ஜோடியாகவே சொல்லும். கேட்பவருக்கு அது ‘நீதி நியாயம்’ போன்ற இணைமொழியாகத் தோன்றும். அப்படியல்ல. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தில், 2018 வரை இருந்த 20-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைத் துண்டு துண்டாகப் படித்தால் போதும். கிரைய ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பத்திரம் எழுதித் தர மறுப்பவரை எழுதித் தரச் செய்யும் பரிகாரம் பற்றியது அது. ‘ஏற்றதை ஆற்றுதல்’ என்று நம் கோர்ட்டுகளில் சொல்வது அதைத்தான்.

*இப்பரிகாரத்தை வழங்குவது நீதிமன்றத்தின் விருப்புரிமை.*

விருப்புரிமை என்றதும் நீதிபதியின் சொந்த விருப்பம் என்று கொள்ளக் கூடாது. வழக்கு நிரூபணமான பின்னும் ‘கொடுக்கலாமா, வேண்டாமா’ என்று யோசிக்கச் சட்டம் விட்டுவைத்த இடம் என்பதே பொருள்.

*சட்டப்படி வழங்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக வழங்கியே தீர வேண்டும் என்றில்லை.*

ஒப்பந்தம் உண்மை, அட்வான்ஸ் கொடுத்ததும் உண்மை, வாதி தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததும் உண்மை. இத்தனைக்குப் பிறகும் நீதிமன்றம் மறுக்க வழியுண்டு. எப்போது என்பதை இரண்டாம் உட்பிரிவு காட்டியது: வாதிக்கு நியாயமற்ற ஆதாயம் கிடைக்கும்போது, பிரதிவாதி எதிர்பாராத கடுந்துன்பத்தில் சிக்குவார், மறுத்தால் வாதிக்கு அப்படியொரு துன்பமில்லை என்னும்போது, ஒப்பந்தத்தை வற்புறுத்துவதே நேர்மையற்றதாகும்போது.

*அந்த விருப்புரிமை மனம்போன போக்கு அல்ல.*

முந்தைய துண்டு திறந்த கதவுக்கு இது தாழ்ப்பாள். அதற்குமேல் இதில் உரைக்கு வேலையில்லை.

*தெளிந்ததும் நியாயமானதுமாக இருக்க வேண்டும்.*

ஜுடிசியஸ்லி இங்கே இருக்கிறது, தன் பெயரைச் சொல்லாமல். நிதானமறிந்து, பின்விளைவு பார்த்து, அளவோடு என்று பொருள். இதற்கு நீதிமன்றமே தேவையில்லை. பூச்சிமருந்தை விவசாயி ஜுடிசியஸாகத் தெளிக்கலாம். குடும்பத் தலைவி ஜுடிசியஸாகச் செலவு செய்யலாம். ஆனால் யாராலும் பூச்சிமருந்தை ஜுடிசியலாகத் தெளிக்க முடியாது. குழப்பம் வரும்போது இந்தச் சோதனையைப் போட்டுப் பார்க்கலாம்.

*நீதிநெறிகளால் வழிநடத்தப்பட வேண்டும்.*

இது ஜுடிசியலி. நீதிமன்றம் நடக்க வேண்டிய முறைப்படி என்று பொருள்: இரு தரப்பையும் கேட்பது, சாட்சியத்தை வைத்தே முடிவு செய்வது, சம்பந்தமில்லாததை ஒதுக்குவது, முன்தீர்ப்புகளை மதிப்பது, காரணத்தை எழுதி வைப்பது. நீதிபதி எவ்வளவு அறிவாளி என்பது இங்கே கேள்வியே அல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் வரும் ‘ஜுடிசியல் செப்பரேஷன்’ நீதிமன்ற ஆணைப்படி பிரிந்து வாழ்வது. அதை ‘ஜுடிசியஸ் செப்பரேஷன்’ என்று எழுதினால், தம்பதி யோசித்து நல்ல முடிவெடுத்தார்கள் என்று எழுதியவரே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். அதுவும் உண்மையாக இருக்கலாம்தான். ஆனால் மனுவில் சொல்ல வந்தது அதுவல்ல.

இந்த இரண்டு துண்டுகளும் தனித்தனியாகவே தவறக்கூடியவை. நம் ஊர் வழக்கு ஒன்றைக் கற்பனை செய்வோம். வட்டிக்குப் பணம் வாங்கியவர் அதற்கு ஈடாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிரைய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். கடன் கொடுத்தவர் கெடு முடிந்ததும் ஏற்றதை ஆற்றக் கோரி வழக்குப் போடுகிறார். பிரதிவாதியின் பரிதாப நிலையை நேரில் பார்த்த நீதிபதி, அவர் தரப்புச் சாட்சியத்தையே பதியாமல் ‘இது கடன்தான்’ என்று வழக்கைத் தள்ளுபடி செய்தால், முடிவு விவேகமானதாகவே இருக்கலாம்; முறை கெட்டுவிட்டது. இன்னொரு நீதிபதி எல்லாச் சாட்சியையும் பதிந்து, எல்லா ஆவணத்துக்கும் குறியீடு போட்டு, விலை ஏன் இவ்வளவு குறைவு, சுவாதீனம் ஏன் கைமாறவில்லை, கெடு முடிந்தும் வட்டி ஏன் வாங்கப்பட்டது என்று ஒருமுறைகூட நின்று யோசிக்காமல் தீர்ப்பாணை வழங்கினால், முறையில் குற்றமில்லை, நிதானம் இல்லை.

இந்த இடத்தில் சட்டம் நீதிபதியின் இரக்கத்துக்கும் வரம்பு கட்டியிருந்தது. விலை குறைவு என்பது மட்டுமே நியாயமற்ற ஆதாயம் ஆகாது என்று அந்தப் பிரிவின் முதல் விளக்கம் சொன்னது. துன்பத்தையும் பொதுவாக ஒப்பந்தம் நடந்த நாளின் நிலவரப்படியே பார்க்க வேண்டும் என்றது இரண்டாவது. வழக்கு நடக்கும் காலத்தில் நிலத்தின் விலை ஏறிவிட்டது என்பதற்காக மட்டும் சாதாரணமாகப் பரிகாரத்தை மறுக்கக் கூடாது என்று 2002-இல் நிர்மலா ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நிதானத்துக்கே முறை கரை போடுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

*மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் திருத்தப்படத் தக்கது.*

வாக்கியத்திலேயே எனக்குப் பிடித்த துண்டு இதுதான். முறை தவறினால் மேல்நீதிமன்றம் தயங்காது. நிதானம் தவறியது என்றால் தயங்கும். கீழ்க்கோர்ட் பயன்படுத்திய விருப்புரிமைக்குப் பதிலாக மேல்கோர்ட் தன் விருப்புரிமையை வைக்கக் கூடாது. மனம்போன போக்கிலோ முறைகேடாகவோ நிலைபெற்ற கோட்பாடுகளைப் புறக்கணித்தோ அது பயன்படுத்தப்பட்டிருந்தால் மட்டுமே தலையிடலாம் என்பது 1990-இல் வாண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. அது தற்காலிகத் தடையுத்தரவு பற்றிய வழக்கு. ஆனால் அந்த நிலையை மற்ற விருப்புரிமை ஆணைகளுக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆக, ‘நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்’ என்பது மேல்முறையீட்டுக்குக் காரணம் ஆகாது. தன் வக்கீல் மனுவில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்று கட்சிக்காரர் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

2018-இல் வந்த திருத்தம் இந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. ஏற்றதை ஆற்றும் பரிகாரம் இப்போது, சட்டம் குறிப்பிடும் விலக்குகளுக்கு உட்பட்டு, வழங்கியாக வேண்டிய ஒன்று. 20-ஆம் பிரிவில் இன்று இருப்பது வேறு விஷயம்: ஒப்பந்தத்தை மீறியவரின் செலவில் மூன்றாம் நபரை வைத்து வேலையை முடித்துக்கொள்வது. ஆனால் விருப்புரிமை முழுவதுமாகப் போய்விடவில்லை. உரிமை விளம்புகை கோரும் வழக்குக்கான 34-ஆம் பிரிவிலும் தடையாணைக்கான 36-ஆம் பிரிவிலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அங்கெல்லாம் இரண்டு வினையடைகளுக்கும் வேலை உண்டு.