கறை எழுதிய கணக்கு



மொனராகலையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு இங்குள்ள இறப்பர் தோட்டத்துக்கு வந்தபோது என் அம்மாயி கொண்டுவந்த பெட்டி. சென்ற மாரிக்குப் பிறகு அதைத் திறந்து வெயிலில் வைத்தோம். உள்ளே ஒரு கறுப்புக் கம்பளியும், பழஞ்சேலைகளை அடுக்கிக் கைத்தையல் போட்ட ஒரு போர்வையும் இருந்தன. போர்வையெங்கும் கறை. "வெளுத்து எடு, இல்லாவிட்டால் எரித்துவிடு" என்றார் வீட்டுக்கு வந்திருந்த மாமா. நான் வெளுக்க உட்கார்ந்தேன்.

முதலில் கம்பளி. தென்னிந்தியச் சமவெளியிலிருந்து வந்த மக்களுக்கு மலைநாட்டுக் குளிரில் அதுதான் கவசம். மழை நாளில் கொங்காணி; இரவில் போர்வை. ஆனால் அது இனாமாகக் கிடைத்ததல்ல. அரிசியைப் போலவே கம்பளியையும் தோட்டம் கணக்கில் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கடனைச் சுமத்தி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கம்பளிக் கடன் அதற்குப் பின்னும் தொடர்ந்தது என்பாள் அம்மாயி.

துரை பங்களாவின் வெள்ளை விரிப்புகள் டோபியிடம் போயின. அவர் உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து எடுத்தார். லயத்துத் துணிகளுக்குப் பீலிக்கரைக் கல்லே கதி. பருத்திக்கு ஏற்ற வெள்ளாவி கம்பளிக்கு எமன். ஆட்டுமயிரைக் காரம் அரித்துவிடும், கொதிநீர் சுருக்கிவிடும், குளோரின் தூள் மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் விரித்தேன். நாலாம் தண்ணீரிலும் மண் வந்தது.

போர்வைதான் புதிர். அதன் பழுப்புக் கறைகள் கொழுந்துச் சாறு. கொழுந்து நசுங்கிக் காற்றுப் பட்டால் பழுப்பாகும். தொழிற்சாலையில் தேயிலை கறுப்பாவதும் இதனால்தான். ஆக, இஸ்டோரில் நடந்த வேலை அவள் சேலையிலும் நடந்திருக்கிறது. இதற்குச் சவர்க்காரத்தை முதலில் போடக்கூடாது. காரம் பட்டால் கறை இன்னும் கறுத்து ஊன்றிவிடும்.

ஓரங்களில் தடித்த திட்டுகள் இறப்பர் பால். இங்கே வந்தபின் அம்மா மரம் வெட்டப்போன காலத்தவை. பால் ஈரமாக இருக்கையில் குளிர்ந்த நீரிலேயே போய்விடும். அப்போது எலுமிச்சை பட்டால் உறைந்துவிடும். தொழிற்சாலையில் பாலை உறைய வைப்பதும் அமிலம்தானே! காய்ந்துபோன கறைக்கு மண்ணெண்ணெய் தடவி, இறப்பர் ஊதியதும் நகத்தால் சுரண்டினேன். பிறகு சவர்க்காரமிட்டு எண்ணெய் வாடையைப் போக்கினேன்.

நடுவில் உள்ளங்கையளவில் நீலக்கறுப்பாய் ஒரு கறை எஞ்சி நின்றது. கொழுந்துச் சாற்றில் துருப்பிடித்த இரும்பு பட்டால் வரும் நிறம் அது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே முறையில்தான். அந்தக் காலத்து அலுவலகங்களில் எழுதிய நீலக்கறுப்பு மையும் இதே இனம். செக்றோலில் அம்மாயி ஓர் இலக்கம், கைநாட்டு வைத்தவள். அவள் வாழ்க்கையை அவளே எழுதியதாக எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு கறைதான்.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 150,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அம்மாயியின் தங்கை குடும்பம் பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு கம்பளிகளில் ஒன்று அவர்களோடு போயிற்று. அது என்ன ஆயிற்றோ!

இந்தக் கறையை எடுப்பதா, விடுவதா? விட்டுவிடலாமென்றால், இரும்புக் கறை நூலை மெல்ல மெல்லத் தின்னும். பழைய ஏடுகளில் மை பட்ட இடம் பொடிந்து உதிர்வது போலப் போர்வை அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். எடுத்தால் துணி மிஞ்சும், அடையாளம் போய்விடும்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து, நன்றாக அலசினேன். கறுப்பு கரைந்தது. ஆனால் சாற்றின் பழுப்பு, ஒரு கையின் நிழல்போல, அங்கேயே தங்கிவிட்டது. இன்று என் பேத்தி அந்தப் போர்வையில் தூங்குகிறாள். போன கறைக்கு ஈடாக, அதன் கணக்கை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு துணி இருக்கக்கூடும், நேயர்களே. வெளுக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.